கடைசிப் பெயர்

மடத்துப் பள்ளியில் அன்று பாடம் ஒப்பிக்கும் நாள். மடத்துக்கு நெல் அளக்கும் மணியக்காரர் முன்னால் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒப்பிப்பதில் கடைசியாக வருகிற மாணவன் மடத்தைவிட்டு மூட்டை கட்ட வேண்டும் என்று அவர் புதுச் சட்டம் போட்டிருந்தார். நெல் அவருடையது, கேட்பார் யார்?

அவர் மகன் சொக்கநாதன் நிகண்டுச் செய்யுள்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ஆட்டுக்கிடையிலிருந்து வந்த இருளப்பன் பாதியில் திக்கி நின்றான்.

"தண்டச்சோறு!" என்றார் மணியக்காரர். "வாத்தியாரே, கடைசிப் பேரை உம்ம வாயால சொல்லும். அனுப்பிடலாம்."

பாடம் சொல்லிக்கொடுத்தவன் அம்பலவாணன். இருளப்பனுக்குப் போக்கிடம் ஏது? மடத்தின் குருவைத் தேடித் தோட்டத்துக்கு ஓடினான். அவர் வெண்டைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, கடைசி யாருன்னு நான் சொல்லணுமாம்."

குரு நிமிரவில்லை. "கிணறு வெட்டப் பார்த்தோமே, குளத்தோரம் ஒண்ணு, பாறை மேட்டுல ஒண்ணு. எதுல தண்ணி இருக்கு?"

"குளத்தோரத்துல."

"எது ஆழம்?"

"பாறை மேட்டுலதான் சாமி. உள்ளே இறங்கினா ஆள் தலை தெரியாது. குளத்தோரத்துல எங்கே வெட்டினோம்? மண்ணைக் கீறினதுமே ஊறிடுச்சு."

"அப்புறம் இங்கே என்ன வேலை? போய்ச் சொல்லு."

மண்வெட்டியோடு குருவும் பின்னாலேயே வந்தார்.

"கடைசி, சொக்கநாதன்," என்றான் அம்பலவாணன்.

மணியக்காரர் துள்ளி எழுந்தார். "என்னய்யா உளறுறே? முழுசும் ஒப்பிச்சது அவன்தானே!"

"ஒப்பிச்சான். அத்தனையும் இங்கே சேர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டுல படிச்சது. இருளப்பன் வந்தப்போ ஓலையைத் தலைகீழாப் பிடிச்சான். இன்னைக்குப் பாதி நிகண்டு அவன் வாயில இருக்கு. வளர்ந்தவன் யாரு, நின்ன இடத்துலயே நிக்கிறவன் யாரு? நீங்களே சொல்லுங்க!"

"நாளையிலேருந்து ஒரு மணி நெல் வராது!"

"வராட்டிப் போகுது மணியக்காரரே," என்றார் குரு. "கூழ் காய்ச்சிக் குடிச்சுக்கிறோம். இங்கேயிருந்து ஒருத்தனும் மூட்டை கட்ட மாட்டான். உங்க பிள்ளையும்தான்."

மணியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அம்பலவாணனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வெளுத்து வாங்கிவிட்டோமே என்று குருவைப் பார்த்துச் சிரித்தான்.

குரு சிரிக்கவில்லை.

"ஒரு வருஷம் உன் கையிலதானே இருந்தான் சொக்கன்? அவனை நின்ன இடத்துலயே நிக்க வச்சது யாரு?"