ஒன்றில் நின்ற ஊசி

திருத்துறைப்பூண்டி அரிசி ஆலை ஒன்றின் மேலாளர் மாசிலாமணி, ரெஜினா டீச்சரிடம், வீட்டிலிருந்தே தூரத்து ஊர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோ கற்றுக்கொண்டவர். டீச்சர் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

அன்று காலை அவர் வந்து நின்றபோது முகம் வாடியிருந்தது.

“டீச்சர், என் ஆன்டெனாவுல ஒரு குறையும் இல்ல. ஆனா நான் பேசறது யாருக்கும் கேக்கல.”

“குறை இல்லன்னு யார் சொன்னது?”

“மீட்டர் சொல்லுது.”

அனுப்புகிற சக்தியில் எவ்வளவு வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர் அது. ஊசி அதன் ஆகக் குறைந்த எண்ணான ஒன்றில் நின்றால் எதுவும் திரும்பவில்லை என்று பொருள். மாசிலாமணியின் மொட்டைமாடியில் நிற்பதோ, பல அலைவரிசைகளுக்கும் பொதுவான ஒரே செங்குத்து ஆன்டெனாக் கம்பம். ஒன்றுக்குச் சரிசெய்தால் இன்னொன்றில் கெடும். ‘நாற்பது மீட்டர்’ எனப்படும் அலைவரிசையில் ஊசி எப்போதும் இரண்டை விட்டு இறங்காது. அது அவருக்குப் பெரிய உறுத்தல். ஐப்பசி மழை விட்ட மறுநாள் மேலே ஏறி, கம்பத்தின் மூட்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டுகளை முடுக்கிவிட்டு இறங்கினார். எந்த அலைவரிசைக்குப் போனாலும் ஊசி ஒன்றிலேயே நின்றது. சந்தோஷத்தில் வீட்டில் கேசரி கிண்டச் சொன்னார்.

அன்றிலிருந்துதான் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

“அந்தமான்ல செபஸ்தியான்னு ஒரு சிநேகிதர், டீச்சர். சம்சாரம் போனதுக்கப்புறம் தனியா இருக்கார். காலையில காபி குடிக்கிற நேரம் நாங்க பேசிக்குவோம். இப்ப அவர் குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி வருது. இன்னிக்கு மத்தவங்ககிட்ட விசாரிக்கிறார், மாசிலாமணிக்கு என்ன ஆச்சுன்னு. நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன்னு நான் இங்க உக்காந்து கத்தறேன்.”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்குப் போனதும் ரேடியோவை அவர் தொடவில்லை. “பவரைக் குறைச்சு வச்சுக்கிட்டு மீட்டர்கிட்ட உக்காருங்க. நான் குரல் கொடுக்கும்போது மட்டும் அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

மேலே ஏதோ திருகும் சத்தம் கேட்டது.

“இப்ப அனுப்புங்க!”

மாசிலாமணி பட்டனை அழுத்தினார். “ஒன்னு, டீச்சர்!”

“அலைவரிசையை மாத்திப் பாருங்க.”

“அதுவும் ஒன்னுதான்! அருமையா இருக்கு.”

“சரி, நிறுத்திட்டு மேல வாங்க.”

மேலே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ரேடியோவிலிருந்து கம்பத்துக்கு வரும் கேபிள் கழற்றப்பட்டு, அதன் முனை ஒரு செங்கல்மேல் கிடந்தது. கம்பம் தன்பாட்டுக்கு எதனோடும் ஒட்டாமல் தள்ளி நின்றது.

“ஆன்டெனா இல்லாமலா ஒன்னு காட்டுச்சு?”

டீச்சர் கேபிளின் முனையைக் கத்தியால் வெட்டினார். உள்ளே பின்னல் கம்பி கறுத்துப்போயிருந்தது. உதறியபோது தண்ணீர் சொட்டியது.

“நீங்க அனுப்பறதையெல்லாம் கேபிளே குடிச்சுடுது, சார். திரும்பி வர ஒன்னும் மிச்சமில்ல.”

மாசிலாமணி ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் தேய்ச்சதாலதான் ஊசி எறங்குச்சுன்னுல்ல நெனச்சேன்!”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

அன்றே புதுக் கேபிள் இழுத்து, மழை இறங்காதபடி மூட்டுக்கு ரப்பர் டேப் சுற்றினார்கள். மறுநாள் காலை டீச்சரும் வந்திருந்தார். மாசிலாமணியின் மனைவி இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார்.

மாசிலாமணி மைக்கை எடுத்தார். “செபஸ்தியான், மாசிலாமணி பேசறேன். கேக்குதா?”

ஒரு கணம் இரைச்சல். பிறகு பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் ஒரு குரல் அதட்டியது.

“யோவ், உயிரோடதான் இருக்கியா? ஒரு தகவல் சொல்லக் கூடாதா? இங்க ஒருத்தன் சோறு எறங்காம கெடக்கான், நீ பாட்டுக்கு...”

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். செபஸ்தியான் நிறுத்துவதாக இல்லை. மாசிலாமணி டீச்சர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

“டீச்சர், நான் பேசறப்ப பாத்தேன். ஊசி மறுபடி ரெண்டுக்கு ஏறிடுச்சு. அதை எறக்க முடியாதா?”

“எறக்கலாம்” என்றார் டீச்சர். “மொதல்ல அவர் திட்டறதைக் கேளுங்க.”