துண்டுக்குள் நாலு வாரம்

"அவன் விளங்குவானா டீச்சர்? சாதி நாய்னு சொல்லி ஒரு பேயை என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். அவனெல்லாம் ஒரு மனுசனா?"

கேட்டுக்கு வெளியே நின்றபடியே வெயிலுமுத்து ஆரம்பித்துவிட்டான். மாட்டுச் சந்தையில் தரகு பேசிப் பேசித் தடித்த தொண்டை. கம்மங்காட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிலோமினா டீச்சர் கேட்டைத் திறந்தார்.

"யாரு?"

"வித்தவன்தான். பேருகூடத் தெரியாது."

டீச்சர் ஒருகாலத்தில் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறூட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறார். வெயிலுமுத்துவுக்கு வயதில் தங்கச்சி முறைதான் வரும். ஆனாலும் நாய் விஷயத்தில் அவர் சொன்னால் அந்த வட்டாரத்தில் மறுபேச்சுக் கிடையாது.

அவரிடம் குட்டி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள், உனக்கு முடியாமல் போனால் என்னிடமே திருப்பிக் கொண்டுவருவாயா என்று குடைந்து எடுத்துவிடுவார். பெண் கொடுக்கிறவன்கூட இத்தனை விசாரிக்க மாட்டான் என்று சந்தையில் கேலி பேசுவார்கள்.

கேலி பேசியவர்களில் வெயிலுமுத்துவும் ஒருத்தன். இன்றைக்கு அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ரோட்டோரம் லோடு ஆட்டோ நின்றது. தார்ப்பாய் நிழலுக்குள், சங்கிலியில் கட்டிய அவன் நாய் சூரன் ஒடுங்கிக் கிடந்தது. வாயைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

"மொதல்ல கயிறை அவிழுங்க அண்ணாச்சி. வெயில்ல நாக்கைத் தொங்கப்போட முடியாம செத்துப்போகும்."

"கடிக்கும்."

"உங்களையா?"

அவன் வண்டியில் ஏறிப்போய் அவிழ்த்தான். அத்தனை பெரிய நாய் அவன் அக்குளுக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. தண்ணீர்ச் சட்டியை வைத்துவிட்டு டீச்சர் பத்தடி தள்ளி நின்றார். அப்புறம்தான் அது குடித்தது.

நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினான் வெயிலுமுத்து. அடுக்களை வாசலில் அவன் பெண்சாதி சொர்ணத்தாய் கையிலிருந்து சட்டி மூடி நழுவி விழுந்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு சூரன் பாய்ந்து மணிக்கட்டைக் கவ்வியது. பிடித்த பிடியை விடவே இல்லை. இவன் வந்து தாடையைப் பிளந்துதான் கையை எடுத்தான். தையல் போட்ட கையோடு அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நாய் இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று போகும்போது சொன்னதுதான், அதற்கப்புறம் போனில்கூடப் பேசவில்லை. மச்சினன் மாட்டாஸ்பத்திரியில் சொல்லி வைத்துவிட்டான். நாளைக் காலையில் ஊசி. சூரன் கதை முடிந்துவிடும்.

"அவ இல்லாம வீடு வீடா இல்ல. இதைக் கொன்னுட்டு அந்த வீட்டுல எனக்குச் சோறும் இறங்காது. என்னைத் தவிர இதுக்கு நாதி இல்ல, டீச்சர்."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, வந்த காரியத்தைச் சொன்னான். இதை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல குட்டியாகக் கொடுங்கள், மேலே என்ன போடச் சொன்னாலும் போடுகிறேன். கிழட்டுக் காளையைத் தள்ளிவிட்டுக் கன்று பிடிப்பதில்லையா, அது போல.



"கன்னுக்குட்டி பிடிக்கப் போனா எதைப் பார்ப்பீங்க, அண்ணாச்சி?"

"தாய் மடியைப் பார்ப்பேன். சுழியைப் பார்ப்பேன். தாய் முட்டுமா, உதைக்குமான்னு பார்ப்பேன்."

"இதோட தாயைப் பார்த்தீங்களா?"

பைபாஸ் ஓரத்து டீக்கடையில் வாங்கியது. வண்டிக்குப் பின்னால் அட்டைப்பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு ஒருத்தன் நின்றான். தாய் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. ஊரான் மாட்டையெல்லாம் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன், தன் வீட்டுக்கு வாங்கும்போது பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததோடு சரி.

"வாங்க" என்று உள்ளே நடந்தார் டீச்சர்.

வேப்பமரத்தடியில் கம்பிவலை. உள்ளே தாய் நாயும் ஆறு குட்டிகளும். டீச்சர் அவனை உள்ளே விட்டு, உட்காரச் சொன்னார்.

அவனுக்கு உட்காரத் தெரியாது. சந்தையில் உட்கார்ந்தவன் வியாபாரம் படுத்துவிடும். எழுந்தான், நடந்தான், வலையைப் பிடித்து ஆட்டினான். போன் அடித்தது. மச்சினன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தது.

"டீச்சர், வழியைச் சொல்லுங்க. எனக்கு நேரமில்ல."

டீச்சர் கையிலிருந்த அலுமினியச் சட்டியைத் தரையில் போட்டார்.

டங்கென்ற அந்தச் சத்தத்துக்கு வெயிலுமுத்துவே ஒரு எட்டு துள்ளினான். குட்டிகள் சிதறி ஓடித் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. தாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. கொட்டாவி விட்டது. மறுபடி படுத்துக்கொண்டது.

தாய் படுத்ததைக் குட்டிகள் பார்த்தன. ஒன்று வந்தது. சட்டியை மோந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. ஒரு பொடியன் சட்டிக்குள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அடுத்து டீச்சர் குடையை எடுத்து விரித்தார். மூடினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து குட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பால் ஊற்ற வந்த அம்மாளைக் கூப்பிட்டு, ஒரு குட்டியைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்கச் சொன்னார். கைத்தடி ஊன்றி ஆடு மேய்க்கப் போன கிழவரைக் கூப்பிட்டு இன்னொன்றைக் கொடுத்தார். கிழவருக்கு இது பழக்கம் போல. பீடியை அணைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

ஊசிக்கு நாள் குறித்த நாய் ரோட்டில் கிடக்கிறது, இங்கே இந்த அம்மா வேஷம் கட்டுகிறது என்று அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"இதென்ன டீச்சர், கூத்து?"

"பால்வாடி" என்றார் டீச்சர்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு குத்தவைத்தான். ஒரு குட்டி வந்து அவன் சுண்டுவிரலைப் பிடித்தது. முளைத்த பல். ஊசி மாதிரி இறங்கியது.

"ஆ" என்றான்.

குட்டி சட்டென்று விட்டுவிட்டது. ஒரு நொடி அவனையே பார்த்தது. பிறகு கடித்த இடத்தை நக்கியது.

அவன் விரலைப் பார்த்தான். ரத்தம் இல்லை.

"இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நீங்களா?"

டீச்சர் மோவாயால் அந்தப் பக்கம் காட்டினார்.

இரண்டு குட்டிகள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. ஒன்று மற்றதன் காதை அழுத்திக் கடித்தது. கடிபட்டது வீலென்று கத்தி, விளையாட்டை விட்டுவிட்டுப் போய்விட்டது. கடித்தது தனியாக நின்றது. போய்த் தாயிடம் பால் குடிக்கப் பார்த்தது. பல் பட்டிருக்க வேண்டும். தாய் ஒரு உறுமல் உறுமி எழுந்துகொண்டது. அந்தக் குட்டி மல்லாந்து வயிற்றைக் காட்டியது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் கூட்டாளியிடம் திரும்பிப் போய், அதே காதை இப்போது பொத்தினாற்போல் கவ்வியது.

வெயிலுமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான். போன் அடித்தது. அவனுக்குக் கேட்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து டீச்சர் கேட்டார்: "சூரனைக் கொண்டு வரும்போது எத்தனை பெருசு?"

கையைக் குவித்துக் காட்டினான். அப்போதுதான் கண் திறந்திருந்தது. தத்தித் தத்தி நடந்தது.

"கொண்டு வந்து எங்க வச்சீங்க?"

தவிட்டு அறையில் வைத்தான். ஜன்னல் இல்லாத அறை. வேற்று முகம் எதையும் காட்டவில்லை. சோறு வைத்ததும் அவன்தான், தட்டிக் கொடுத்ததும் அவன்தான். அப்படி வளர்த்தால்தான் காவலுக்கு ஆகும், ஒரு ஆளுக்கு மட்டும் கட்டுப்படும் என்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"அவ்வளவு சின்னதை அவன் ஏன் குடுத்தான்?"

இந்தக் கேள்விக்கு வெயிலுமுத்து சிரித்தேவிட்டான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

"அவன் எங்க குடுத்தான்? முடியாதுன்னுதான் நின்னான். நாம விடுவோமா?"

டீச்சர் கையை நீட்டினார். "எப்படிப் பேசினீங்க? காட்டுங்க."

தரகனிடம் பேரத்தைக் காட்டச் சொன்னால் பசித்தவனிடம் இலையைக் காட்டினது மாதிரி. தோளில் கிடந்த துண்டை உருவி, டீச்சர் கை மேலும் தன் கை மேலும் சேர்த்துப் போட்டான். சந்தை வழக்கம் அது. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள்.

"விலை அப்பவே படிஞ்சுபோச்சு. அவன் நாள் கேட்டான். நாலு விரலை நீட்டினான். நாலு வாரம் போகட்டும், இன்னும் பால் குடிக்குது, நானே கொண்டுவந்து தர்றேன்னான். நீட்டுங்க."

துண்டுக்குள் டீச்சர் நாலு விரலை நீட்டினார்.

"பாலு நான் ஊத்துறேன், என் வீட்டுல இல்லாத பாலான்னேன்." ஒரு விரலை மடக்கினான்.

"அதுவரைக்கும் உனக்குத் தீனி மிச்சம்தானேன்னேன்." இன்னொரு விரல் மடங்கியது.

"பெருசானா எங்கிட்ட ஒட்டாது, வேற ஆளைப் பார்த்துக்கன்னு வண்டியை எடுக்கிற மாதிரி எடுத்தேன். பதறிட்டான்." மூன்றாவதும் மடங்கியது.

நாலாவது விரலை அழுத்தினான்.

அது மடங்கவில்லை.

இன்னும் அழுத்தினான். கொம்பைப் பிடித்துக் காளையைத் திருப்புகிற கை. டீச்சருக்கு வலித்திருக்கும். முகத்தில் காட்டவில்லை.

"அவன் இதையும் மடக்க விட்டுட்டான், டீச்சர்."

"நான் விட மாட்டேன்."

"ரெட்டிப்பு விலை சொன்னா?"

"மாட்டேன்."

"கால்ல விழுந்தா?"

"எந்திரிச்சு, நாலு வாரம் கழிச்சு வாங்கன்னு சொல்வேன்."

துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

மூன்று விரல் மடங்கி, ஒரு விரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன் மேல் அவன் கட்டைவிரல். அழுத்திய இடம் வெளுத்திருந்தது.

வலைக்குள் ஒரு குட்டி வீலென்று கத்தியது. இன்னொரு குட்டி கவ்வினதை விட்டது.

வெயிலுமுத்து கையை எடுத்துக்கொண்டான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே வைத்திருந்தான்.

"இப்ப அந்த நாளைத் திரும்ப வாங்க முடியாதா, டீச்சர்?"

"முடியாது."

அப்புறம்தான் டீச்சர் நீளமாகப் பேசினார். சூரன் முழுசாக மாறாது, பொய் சொல்ல மாட்டேன் என்றார். சம்மதமென்றால் மாட்டுக்குப் போடுவது போல நாய்க்கென்று வாய்க்கூடு இருக்கிறது, நாக்கைத் தொங்கவிடலாம், அதைப் போட்டுப் பழக்கவேண்டும். கரண்டியைத் தூரத்தில் போட வேண்டும், பயப்படாமல் நின்றால் கறித்துண்டு. ஒரு மாதம் கழித்து இன்னும் ரெண்டடி பக்கத்தில். வேற்று ஆள் தெருமுனையில் நிற்க வேண்டும், அப்புறம் வாசலில். பின்கட்டில் கம்பி அடைத்து வைக்கவேண்டும், சொர்ணத்தாய் அதன் பக்கத்தில் போகவே வேண்டாம். வருஷக்கணக்காகலாம். அவசரப்பட்டால் தொடங்கின இடத்துக்கே போய்விடும்.

"உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். நீங்களே பண்ணுங்க."

"என் கையை அது நம்பாது, அண்ணாச்சி. அதுக்கு உலகத்துல ஒரு கைதான்."

போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தான்.

மச்சினன் எடுத்த எடுப்பில் கத்தினான். காலையில் டாக்டர் வந்துவிடுவார், நாயைக் கட்டி வைத்திருக்க வேண்டும், ஆள் இல்லாமல் போனால் மரியாதை கெட்டுவிடும் என்றான்.

"ஊசி வேண்டாம்" என்றான் வெயிலுமுத்து.

அந்தப் பக்கம் ஏதோ கைமாறுகிற அரவம். பிறகு சொர்ணத்தாயின் மூச்சுக் கேட்டது. அவள் அழுதிருக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"சொர்ணம்" என்றான்.

"எனக்கு அந்த வாயில்லாச் சீவன் மேல கோவம் இல்ல" என்றாள் அவள். "கவ்வும்போது அது கண்ணைப் பார்த்தேன். என்னைவிட அதுதான் பயந்து கெடந்துச்சு. அதை அப்படி ஆக்கினானே ஒரு பாவி, அவன் மேலதான் ஆத்தாமையா வருது. வருசமெல்லாம் அவனை வையிறீகளே, ஒரு நாளாவது பிடிச்சு நிப்பாட்டிக் கேட்டீகளா?"

டீச்சர் குனிந்து துண்டை எடுத்து, மண்ணை உதறி அவன் தோளில் போட்டார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் சொர்ணத்தாய் போனில். "அவன் எங்க இருந்தாலும் இழுத்துட்டு வாங்க. நான் வந்து அவன் முன்னாலயே நிக்கிறேன். கெடுத்தவன் அவன்தானே? அவனே உக்காந்து சரி பண்ணட்டும்."