ஏழு கட்டத்து ஓட்டையும் ராஜாவின் கொட்டாவியும்

கரிசவயல் அரண்மனையில் ஒரு மாதமாக யாரும் வாயைத் திறக்கவில்லை. பேசப் பயமில்லை. கொட்டாவி வந்து தொலைத்தால்?

பூவராக மகாராஜா தாம் எழுதிய காவியத்தைத் தினமும் சபையில் வாசிப்பார். ஆயிரத்து இருநூறு பாட்டு. எந்த மகானுபாவனோ முப்பதாம் பாட்டிலேயே வாயைப் பிளந்துவிட்டான். உடனே வந்தது சட்டம்: ஏழு நாளுக்குள் மூன்று கொட்டாவி விட்டவர் ஆற்றுக்கு அக்கரை. "சபையில் ஒருவரையும் விடாதே!" என்று வாயிற்காவலன் சுடலைமுத்துவுக்கு உத்தரவு. சுடலைமுத்து சொன்னதைச் செய்கிற ஆள். தலைக்கு ஒரு நீள ஓலை, நாளுக்கு ஒரு கட்டம், கொட்டாவிக்கு ஒரு புள்ளி.

மாட்டிக்கொண்டவள், மனுக்களை வாசிக்கும் குமுதவல்லி. வீட்டில் நாலு மாதக் குழந்தை. பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழுக்கக் கச்சேரி வைக்கும். பல்லைக் கடித்து எவ்வளவுதான் அடக்குவாள்?

அவள் இடத்தில் தன் மருமகனை உட்கார வைக்க அரண்மனைக் கடித அதிகாரி ராயசம் நமசிவாயத்துக்கு வெகுநாள் ஆசை. மாதம் முடிந்ததும் எழுந்தார்.

"மகாராஜா, குமுதவல்லி நாலு கொட்டாவி. மூன்றுக்கு மேல் ஒன்று தாராளமாகவே விட்டிருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் படகேற்றிவிடலாம்."

குமுதவல்லி ஆற்றை நினைத்துப் பார்த்தாள். ஆடி மாதம், ஆறு கரை புரள ஓடுகிறது. அக்கரையில் காடு. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் துணி மூட்டை, படகை எந்தக் கையால் பிடிப்பது?

"மகாராஜா, அந்த நாலும் முப்பது நாளில் விட்டது. சட்டம் ஏழு நாள் என்றல்லவா சொல்கிறது?"

"சொல்கிறது அம்மணி," என்றார் ராயசம். "அப்படி எண்ணத்தான் பொதுப்பெட்டியில் வழியில்லை. மொத்தமாகத்தான் எண்ண முடியும்."

சபை நடுவே இருக்கும் பெரிய மரப்பெட்டிதான் பொதுப்பெட்டி. கணக்குப் போடும் முறைகள் எல்லாம் ஓலையில் எழுதி அதற்குள் கிடக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் எழுதிச் சேர்க்கலாம். அதில் இல்லாத முறை சபையில் செல்லாது. மொத்தம் காண, சராசரி காண, பெரியது சிறியது காண, எல்லாம் இருந்தது. நாள் நகர நகரத் தானும் நகர்ந்து, ஏழு ஏழு நாளாகப் பார்க்கிற முறை மட்டும் இல்லை. போன வருஷமே மழைக்கணக்குக்காக அவள் அதைக் கேட்டாள். பெட்டியைக் காக்கும் மூன்று பெரியவர்களும், "அருமையான யோசனை! நீயே எழுதிக்கொண்டு வாயேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்கள். அப்புறம் அவளுக்கு மசக்கை.

"அப்படியானால் இப்போது எழுதித் தருகிறேன்," என்றாள். "ஒரு நாழிகை கொடுங்கள்."

ராஜா தலையசைத்தார். அவள் ஓர் ஓலையை எடுத்தாள். நடுவில் ஏழு கட்டம் தெரிகிற மாதிரி ஓட்டை வெட்டினாள். "இதைக் கொட்டாவி ஓலைமேல் வையுங்கள். ஒவ்வொரு கட்டமாகத் தள்ளுங்கள். எங்கேயாவது ஓட்டைக்குள் மூன்று புள்ளி தெரிந்தால் ஆள் குற்றவாளி. அவ்வளவுதான்."

பெரியவர்கள் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஓட்டை கொஞ்சம் கோணலாயிருக்கு," என்றார் ஒருவர்.

"கிழிந்தால் யார் ஒட்டுவது?" என்றார் அடுத்தவர்.

"எல்லாம் சரி," என்றார் மூன்றாமவர். "ஆனால் எழுதியவர் தன் ஓலையிலேயே சோதிக்கக் கூடாது. வேறு யாருடையதிலாவது சோதித்துக் காட்டு."

"யாருடையதில்?" என்றார் ராயசம் சிரித்துக்கொண்டே.

குமுதவல்லி தினமும் ராஜாவுக்கு நேர் எதிரே உட்காருகிறவள். கண்ணும் நன்றாகத் தெரியும். "சுடலைமுத்து அண்ணே, புள்ளி அதிகம் இருக்கிற ஓலை எது? சோதனை என்றால் வஞ்சனையில்லாமல் இருக்கட்டும்."

சுடலைமுத்து சிம்மாசனத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். ஓலைக்கட்டின் அடியிலிருந்து ஓர் ஓலையை உருவி, பெயரைக் கட்டைவிரலால் மறைத்தபடி நீட்டினான். பெரியவர் ஓட்டையை நகர்த்தினார். இரண்டு, நாலு, ஆறு...

"ஒன்பது!"

"யார் அந்த அயோக்கியன்?" ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார்.

"மகாராஜா... ஒருவரையும் விடாதே என்று தாங்கள்தான்..." சுடலைமுத்து கட்டைவிரலை எடுத்தான்.

பூவராக மகாராஜா என்று எழுதியிருந்தது.

"முறை தப்பு!" என்று அலறினார் ராயசம். "ஓட்டை கோணல் என்று அப்போதே சொன்னார்களே! தூக்கிப் போடுங்கள் அதை!"

"போட்டுவிடலாம் ஐயா," என்றாள் குமுதவல்லி. ராஜாவின் ஓலையில் இருந்த புள்ளிகளை எண்ணினாள். "உங்கள் மொத்தக் கணக்குக்கே வருவோம். எனக்கு நாலு, மகாராஜாவுக்குப் பத்தொன்பது. இரண்டு பேருக்கும் ஒரே படகா, தனித்தனியா? என் முறையில் பார்த்தால் எனக்கு எந்த ஏழு நாளிலும் இரண்டுக்கு மேல் கிடையாது. நான் வீட்டுக்குப் போகலாம். மகாராஜாவின் ஒன்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

ராயசம் திறந்த வாயை மூடவில்லை. சுடலைமுத்து பழக்கதோஷத்தில் அவர் ஓலையில் ஒரு புள்ளி வைத்தான்.

"நான் எப்போதடா கொட்டாவி விட்டேன்?" என்றார் ராஜா, குரல் இறங்கி.

"தாங்கள் காவியம் வாசிக்கும்போதுதான், மகாராஜா. பாட்டுக்குப் பாட்டு நடுவிலே."

ராஜா ஓலையைப் பார்த்தார். காவியத்தைப் பார்த்தார். மீசை துடித்தது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கிரீடம் கழன்று தரையில் உருண்டும் சிரிப்பு நிற்கவில்லை.

"சட்டத்தைக் கிழித்துப் போடுங்கள்! ஓட்டை ஓலையைப் பெட்டியில் சேருங்கள்! படகேற்றிவிடலாம் என்றாரே ராயசம், அவரே போய் அக்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும். குமுதவல்லி, உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, நிலமா?"

அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் சொருகியது.

"ஒன்றும் வேண்டாம் மகாராஜா. குழந்தை எழுந்திருக்க இன்னும் இரண்டு நாழிகை இருக்கிறது. அந்தக் காவியத்தில் ஒரு நாலு பாட்டு வாசியுங்கள். நான் கொஞ்சம் தூங்க வேண்டும்."