வெறுங்கை நீட்டிய ராஜா

முன்னொரு காலத்திலே தாழைநாடு என்று ஒரு சீமை இருந்தது. அதைக் குமாரதீர பூபதி என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் காதருகே கடைசியாக யார் பேசினாரோ அவர் பேச்சுதான் அவருக்கு வேதவாக்கு. கடைசியாகப் பேசுகிறவர் பெரும்பாலும் கருவூலத் தலைவர் அனந்தப்பர்.

ஒரு வருஷம் ஆற்றங்கரைக் குடிசைகளில் விஷக்காய்ச்சல் பரவிற்று. படுக்க இடமில்லாமல் நோயாளிகள் மரத்தடியில் கிடந்தார்கள். அரண்மனையிலோ ராஜாவுக்கு வெள்ளி ஊஞ்சல் செய்யும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

அந்த ஊர்ச் சித்திரக்காரர்களுக்குத் தலைவி வடிவாம்பாள். விரலைப் பார்த்தால் மஞ்சளும் நீலமும் ஏறிக் கிடக்கும். முகத்தைப் பார்த்தால் லேசில் பணிகிற ஆள் இல்லை என்று தெரியும். அவள் தன் கூட்டாளிகளை அழைத்து, "நம்மகிட்ட காசு இல்லை, கை இருக்கு. ஆளுக்கொரு படம் கொடுப்போம். வித்து வர்ற பணத்துல ஒரு வைத்தியசாலை கட்டுவோம்" என்றாள். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. தன் கல்யாணப் பந்தலுக்கென்று வரைந்து வைத்திருந்த திரையையே ஒருவன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

கடைவீதியில் படங்களை மாட்டினார்கள். அனந்தப்பருக்கு வயிறு எரிந்தது. ராஜாவிடம் ஓடினார்.

"மகாராஜா! ராஜா கட்டாத வைத்தியசாலையைச் சாயம் குழைக்கிறவர்கள் கட்டினார்கள் என்று நாளை ஊர் பேசினால் தங்களுக்கல்லவா அவமானம்? அரண்மனைச் சோறு தின்கிறவர்களுக்குத் தர்மம் செய்கிற திமிர் எங்கிருந்து வந்தது?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. உடனே வடிவாம்பாளை வரவழைத்தார்.

"ஒரு படமும் விற்கக் கூடாது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கை நீட்டவும் கூடாது. அப்படியே வருகிற ஊர்த் திருவிழாவுக்குள் பொருள் சேர்த்துவிட்டால் வைத்தியசாலைக்கு ஆற்றங்கரை மேட்டை நானே தருகிறேன். சேர்க்காவிட்டால் உங்களில் ஒருவரும் என் நாட்டில் தூரிகை தொடக் கூடாது!"

வடிவாம்பாள் யோசித்தாள். தன் ஒருத்தியின் பிழைப்பா? அத்தனை பேர் பிழைப்பும் அல்லவா போய்விடும்! ஆனாலும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்: "அப்படியே ஆகட்டும் மகாராஜா. கடைவீதியைப் பார்த்த அரண்மனைச் சுவர் சும்மாதானே இருக்கிறது? அதில் வரைய மட்டும் உத்தரவு வேண்டும்."

"வரைந்துகொள், வரைந்துகொள். கடைசியாக வரைகிற படம் பெரிதாகவே இருக்கட்டும்" என்று அனந்தப்பர் சிரித்தார். ராஜாவும் தலையசைத்தார்.

சித்திரக்காரர்கள் எல்லோரும் சாரத்தில் ஏறினார்கள். யானை வரைகிறவர் யானை வரைந்தார், முகம் வரைகிறவர் முகம் வரைந்தார். சுவர் நிறைய ஒரு காட்சி எழுந்தது. புது வைத்தியசாலைத் திறப்பு விழா! வாசலை நோக்கி ஊர்வலம். முன்னால் ராஜா, பின்னால் அனந்தப்பர், அதற்குப் பின்னால் ஊர்ப் பெரிய மனிதர்கள். அத்தனை பேரும் அச்சு அசலாக இருந்தார்கள். அத்தனை பேரும் வலது கையை முன்னால் நீட்டியிருந்தார்கள். கைகளில் மட்டும் ஒன்றுமில்லை.

ஜனம் கூடிவிட்டது. பூக்காரி ரெங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"அட, இது நம்ம அனந்தப்பர் ஐயா! பாவம், யார்கிட்ட என்னத்தைக் கேட்டு இப்படிக் கையேந்தி நிக்கிறாரு?"

வீதியே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அரண்மனைக்குள்ளும் போயிற்று. அனந்தப்பர் ராஜாவைக் கையோடு கூட்டிவந்தார். "பாருங்கள்! என்னைப் பிச்சைக்காரனாக்கிவிட்டாள்!"

ராஜா அனந்தப்பரைப் பார்க்கவில்லை. கிரீடத்தோடு வெறுங்கை நீட்டி நிற்கிற தன்னையே பார்த்தார். முகம் சிவந்தது. "என்ன இது?"

சாரத்திலிருந்து இறங்கி வந்தாள் வடிவாம்பாள். நிமிர்ந்து நின்றாள். "படம் இன்னும் முடியவில்லை மகாராஜா. இவையெல்லாம் கொடுக்கிற கைகள். என்ன கொடுத்தார்கள் என்று தெரியாமல் நாங்கள் எப்படி வரைவது?"

"ஒரு பொன்முடிப்பு வரைந்து தொலையேன்!" என்றார் அனந்தப்பர்.

"வரையலாம் ஐயா. தாங்கள் கொடுக்கவில்லை என்பது ஊருக்கே தெரியுமே. இன்னும் அதிகமாகச் சிரிப்பார்களே!"

அதற்குள் ரெங்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்துக் கீழே வைத்தாள். "தாயி, என்னையும் எழுதுவியா?"

வடிவாம்பாள் அங்கேயே தூரிகையை எடுத்தாள். ராஜாவுக்குப் பக்கத்திலே பூக்கூடையோடு ரெங்கம்மா வந்து நின்றாள், உள்ளங்கையில் பளபளவென்று ஒரு காசு. அவளுக்கு அருகே ராஜாவின் கை முன்னைவிட வெறுமையாகத் தெரிந்தது.

ராஜா சுவரைப் பார்த்தார், பூக்காரியைப் பார்த்தார், வடிவாம்பாளைப் பார்த்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார்.

"நீ கேட்கவே இல்லையே, பெண்ணே!"

"கேட்கவில்லை மகாராஜா. கையும் நீட்டவில்லை. நீட்டியது தாங்கள்தான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த வெள்ளி ஊஞ்சலையும் சேர்த்து எழுது!" என்றார். அப்புறம் கேட்க வேண்டுமா? வியாபாரிகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். அனந்தப்பர் ஒரு சின்ன மோதிரத்தைக் கழற்றினார். வடிவாம்பாள் அதை உள்ளது உள்ளபடி கடுகளவு வரைந்தாள். எட்ட நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கை இன்னும் காலியாகவே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடுக்கன், காப்பு, கடைசியில் இடுப்புச் சங்கிலி வரைக்கும் கொடுத்த பிறகே படத்தில் ஆள் பார்க்கும்படி ஆனார்.

"அனந்தப்பரே, இவர்களுக்குக் கொடுக்கத் தகுதியில்லை என்றீரே! கொடுக்கத் தெரியாத நமக்கல்லவா இவர்கள் கொடுக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள்?" என்றார் ராஜா. அனந்தப்பர் தலை குனிந்தார். ராஜா வடிவாம்பாள் பக்கம் திரும்பினார். "எல்லோரும் இருக்கிறோம். உங்களை மட்டும் காணோமே?"

"சுவர் முழுவதும் நாங்கள் கொடுத்ததுதானே மகாராஜா!"

ஆற்றங்கரை மேட்டில் வைத்தியசாலை எழுந்தது. விற்காத அந்தப் படங்களெல்லாம் நோயாளிகள் படுத்தபடியே பார்க்கும் சுவர்களில் ஏறின. திறப்பு விழா அன்று ராஜா ஊர்வலத்தை நிறுத்தி, சித்திரக்காரர்களை முன்னால் விட்டுத் தான் பின்னால் நடந்தார். கஷாயப் பானையைச் சுமந்தபடி அனந்தப்பர் கடைசியில் வந்தார்.

சாயம் போகாத விரல்களை வீசிக்கொண்டு வடிவாம்பாள் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். அன்றைக்கு அவள் யாருக்கும் ஒதுங்கி வழிவிடவில்லை. விடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.