தூபச் சட்டியின் மூடி மலையான கதை

அந்தக் காலத்தில் நாரைக்கும் வாய் இருந்தது, மூடுபனிக்கும் வாய் இருந்தது. மனுஷனுக்குத்தான் அது கொஞ்சம் பெரிது.

சீன தேசத்துக் கீழைக்கடலில் ஒரு மலை. சாகாத சித்தர்கள் அங்கே இருந்தார்கள். சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது. அவர்களும் புலியும் குரங்கும் மூடுபனியைக் குடித்தே உயிர் வாழ்ந்தார்கள். யாரும் சேர்த்து வைக்கவில்லை. அதனால் யாருக்கும் குறையவில்லை.

கரையில் ஓர் அரசன். தானும் சாகக் கூடாது என்று அவனுக்கு ஆசை. இருக்கட்டும், போய்க் குடித்துவிட்டு வர வேண்டியதுதானே? இல்லை, மொத்தப் பனியும் அரண்மனைக்கு வர வேண்டுமாம். வெண்கலம் வார்ப்பதில் பேர் போனவள் சூ லான். அவளைக் கூப்பிட்டான்.

"மூச்சுக்கூட வெளியே போகாத சட்டி வேண்டும். மூடியோடு."

"எதுக்கு மகாராஜா?"

"சொன்னதைச் செய்."

செய்தாள். உருக்கி ஊற்றும்போது காற்று வெளியேற அச்சில் வழி விட வேண்டும். அந்த இடங்களில் மூடியில் துளை விழும். வேலைத் திமிர் அவளுக்கு! ஒவ்வொரு துளையிலும் வெண்கல ஆணி அடித்து, அரம் போட்டு, மயிரிழை நுழையாமல் அடைத்தாள்.

சேவகர்கள் சட்டியை மலை உச்சிக்குத் தூக்கிப் போனார்கள். "உள்ளே என்ன?" என்று மூடுபனி எட்டிப் பார்த்தது. மொத்தமும் உள்ளே போனதும் மூடிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு நாரை சூ லானின் பட்டறை வாசலில் வந்து விழுந்தது.

"நீதானே செய்தது?"

"ஆமாம். ஏன், ஒழுகுதா?"

"ஒழுகினா நான் ஏன் வரேன்? குட்டிக் குரங்கெல்லாம் நாக்குத் தள்ளிக் கிடக்கு. சித்தர் ஒருத்தர் போயே போனார். சாகாதவர், செத்தார்! நல்ல வேலைக்காரி நீ."

சூ லானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அரசன் மேல் பாதி, தன் கை மேல் பாதி. உளியும் சுத்தியலும் எடுத்தாள். நாரையைத் தோளில் போட்டாள். நேரே அரண்மனை.

அரசன் சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு மிடறு குடிக்கவில்லை. திறந்தால் குறைந்துவிடுமாம்!

"தூ! குடிக்கவும் மாட்டாய், குடிக்க விடவும் மாட்டாய். வைக்கோற்போர் நாய் தேவலை."

"தொட்டால் தலை போகும்!"

"போகட்டும். நான் அடைத்த ஓட்டை, நானே திறக்கிறேன்."

அடித்தாள். ஆணிகள் தெறித்தன. அடைபட்ட ஆத்திரத்தில் பனி உள்ளிருந்து முட்டிய முட்டில், தட்டை மூடி கொடுமுடி கொடுமுடியாகப் புடைத்தது. துளை வழியே சீறிய பனி அவளையும் நாரையையும் சுருட்டிக்கொண்டு மலைக்கே போய்விட்டது. சேவகர்கள் ஓங்கிய வாளோடு நின்றார்கள். வெட்டத் தலை இல்லை.

அரசன் வெறும் சட்டிக்குள் கை விட்டுத் துழாவினான். மானம் போகக் கூடாதே! வாசனைக் கட்டையைப் போட்டுக் கொளுத்தி, "பார், பனி திரும்பிவிட்டது" என்றான். சபையும் தலையாட்டியது. ஆட்டாமல் என்ன செய்யும்? அந்தப் புகையைக் குடித்துக் குடித்து, இருமி இருமி, எல்லோரையும் போலச் செத்தான்.

அன்று முதல்தான் அந்தத் தேசத்து வெண்கலத் தூபச் சட்டிக்கு மலை போல மூடி, மலையெல்லாம் துளை, துளையெல்லாம் புகை. அதைப் பிடித்து வைக்கிறேன் என்று கை நீட்டுகிறவனுக்கு இன்றைக்கும் மிஞ்சுவது கரிதான்.