வால் பூஜ்ஜியம்

ஒரு சமயம், மருந்துகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றின் கரும்பலகையில் ஓர் எண் குடியிருந்தது. 0.00450 கிராம். இருதய நோயாளிகளுக்கான மாத்திரை ஒன்றில் மருந்துச் சத்து எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்து, சகாயமேரி என்ற சோதனையாளர் எழுதிவைத்த எண் அது.

அதில் முன்னால் மூன்று பூஜ்ஜியங்கள் நெஞ்சை நிமிர்த்தி நின்றன. அடுத்து நாலும் ஐந்தும். எல்லாருக்கும் பின்னால், ஒதுங்கி ஒடுங்கி, இன்னொரு பூஜ்ஜியம். அதை யாரும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. ‘வால்’ என்பார்கள்.

"ஏ வாலு, உனக்கு இங்க என்ன வேலை?" என்றது முதல் பூஜ்ஜியம். "நாங்க நகர்ந்தா இந்த நாலு எங்கேயோ போய் உக்காந்துக்கும். மருந்தே விஷமாயிடும். நீ நகர்ந்தா என்ன ஆகும்?"

"எனக்குக் கொஞ்சம் காத்து வரும்" என்றது ஐந்து.

எல்லாரும் சிரித்தார்கள். புள்ளிகூடச் சிரித்தது. வாலுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. புள்ளிக்கு அது ஒரு கெடுதலும் செய்ததில்லை. பதில் சொல்ல வாயெடுத்தது. என்ன சொல்வது? தன் வேலை என்னவென்று அதற்கே தெரியவில்லை. சிரித்தவர்களின் முகங்களை மட்டும் ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொண்டது.

அப்போது தணிகாசலம் வந்தார். அவரும் அங்கே சோதனையாளர்தான். தலைமை அதிகாரி நூர்ஜகான் கையெழுத்துப் போட வருகிறார் என்று பலகையைத் துப்புரவு செய்ய வந்தவர், எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"புள்ளிக்கு அப்புறம் கடைசியில வர்ற பூஜ்ஜியத்துக்கு மதிப்பே கிடையாது. இந்த மேரி எதுக்கு இதை இழுத்து வச்சிருக்கு?"

அழிப்பான் வாலை நோக்கி வந்தது. "என் மேல வருத்தப்படாதப்பா. கை இழுத்த பக்கம் போறவன் நான்" என்றது.

ஒரே இழுப்பு. வால் சுண்ணாம்புத் தூளாகப் பலகையின் கீழ்ச்சட்டத்தில் விழுந்தது. மேலே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

நூர்ஜகான் வந்தார். பலகையைப் பார்த்ததும் திறந்த பேனாவை மூடிவிட்டார்.

"0.0045ஆ? இதை வச்சு எப்படிங்க கையெழுத்துப் போடறது? விதி என்ன சொல்லுது? 0.00448க்குக் குறையக் கூடாது, 0.00452ஐத் தாண்டக் கூடாது. அஞ்சோட முழுசாக்கி நிறுத்தினதுன்னா, இது 0.00446ஆவும் இருக்கலாம், 0.00454ஆவும் இருக்கலாம். சரக்கைத் திருப்பி அனுப்புங்க."

"மேடம், ஆஸ்பத்திரியில இந்த மாத்திரை தீர்ந்துபோச்சாம். லாரி வாசல்ல நிக்குது" என்றார் தணிகாசலம், வெளிறிப்போய்.

"அதனாலதான் பயப்படறேன். சாப்பிடப் போறவங்க இருதய நோயாளிங்க."

பலகையில் ஐந்து நாலின் பக்கம் ஒட்டிக்கொண்டது. "நாலண்ணே, நான் நெசமாவே அஞ்சுதானா? இல்ல, நாலரையைத் தாண்டினதுமே அஞ்சுன்னு கூப்பிட்டுட்டாங்களா? அவன் பக்கத்துல நின்னவரைக்கும் எனக்கு இந்தச் சந்தேகமே வரலையே!"

கீழே கிடந்த வால் இதைக் கேட்டது. இரக்கம் வரவில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

கை துடைத்தபடி சகாயமேரி ஓடிவந்தார். "மேடம், நான் 0.00450ன்னு எழுதினேன். யார் அழிச்சது? மருந்து வச்ச தட்டு இன்னும் தராசுலதான் இருக்கு, வந்து பாருங்க."

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த தராசு அசரவில்லை. "எத்தனை தடவை வேணா கேளுங்க. பூஜ்ஜியத்துல முடியும். நான் பாக்காம சொல்றவ இல்ல" என்றது. 0.00450 என்று காட்டியது.

"வெறும் பூஜ்ஜியம்தானேன்னு நான்தான்…" என்று தலையைச் சொறிந்தார் தணிகாசலம்.

"வெறும் பூஜ்ஜியமா?" என்றார் நூர்ஜகான். "பூட்டின அறையைப் பாக்காம விடறது வேற, தணிகாசலம். திறந்து பாத்து, உள்ள யாரும் இல்லைன்னு சொல்றது வேற. இந்தப் பூஜ்ஜியம் உள்ள போய் பாத்துட்டு வந்த ஆள்."

சட்டத்தில் கிடந்த தூள் சிலிர்த்தது. அதுதான் சங்கதியா! தன் வேலை அதுதானா!

நூர்ஜகான் சாக்பீஸை எடுத்தார். "இனி யாரும் இதுல கை வைக்காதபடி விஞ்ஞான முறையிலேயே எழுதிடறேன்."

பலகையில் பத்து வந்து நின்றது. அதன் தோளில் ஒரு குட்டி மூன்று, முன்னால் ஒரு கழித்தல் கோடு.

"முன்வரிசை மூணு பேரும் இறங்குங்க" என்றது பத்து.

"நாங்களா? நாங்க இல்லாம எப்படி?" என்று பதறியது முதல் பூஜ்ஜியம்.

"நீங்க இடம் பிடிச்சு வச்சிருந்தீங்க, வேற ஒண்ணும் அளக்கலை. அந்தச் சுமையை என் தோள் பையன் ஒருத்தனே தூக்கிடுவான். இறங்குங்கப்பா."

அழிப்பான் வந்தது. மூன்றும் பொலபொலவென்று உதிர்ந்தன. புள்ளி தலையைக் குனிந்தபடி நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே போய் நின்றது. ஐந்தின் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று, புத்தம் புதிதாக, வால் வந்து உட்கார்ந்தது.

4.50 × 10⁻³ கிராம்.

"வாங்க, வாங்க" என்று நகர்ந்து இடம் விட்டது ஐந்து. "நீங்க வந்த பிறகுதான் எனக்கு உசிரே வந்துச்சு."

"காத்து வருதா?" என்று கேட்டது வால். ஐந்து இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டது.

நூர்ஜகான் கையெழுத்துப் போட்டார். வாசலில் லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வால் அந்தச் சத்தத்தை ஏதோ மேளம் கேட்பதுபோல் கேட்டது.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. பழைய முதல் பூஜ்ஜியம்தான். "அண்ணே, நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்குப் பின்னால இடம் காலியா இருக்கே. நானும் உங்களை மாதிரி வட்டம்தானே, ஓரமா நின்னுக்கறேன்."

வால் குனிந்து பார்த்தது. மனதில் குறித்துவைத்திருந்த முகம்தான். ஆனால் வால் சொன்ன பதிலில் கோபம் இல்லை.

"எனக்குப் பின்னால யாரும் அளக்கலை, தம்பி. அங்க நின்னா நீ பூஜ்ஜியம் இல்ல, பொய்."