மருதமரம் யாருடையது?

ஆற்றில் பன்னிரண்டு மாதமும் தண்ணீர் ஓடிய காலத்தில் நெடுமடை என்றொரு சிற்றூர் இருந்தது. அரசன் எங்கோ தொலைவில் இருந்தான். ஊரை ஆண்டது ஊர்ச்சபை. சபைக்குக் கீழே மூன்று வாரியங்கள். ஏரியும் வாய்க்காலும் ஏரி வாரியத்துக்கு, மரமும் செடியும் தோட்ட வாரியத்துக்கு, தெருவும் வண்டிப்பாதையும் தெரு வாரியத்துக்கு. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! எனக்கோ இந்தக் கதையைத் தொடங்கும்போதே வயிறு எரிகிறது.

அந்த ஊரின் கடைமடையில் வேம்பி என்றொருத்தி வாழ்ந்தாள். கணவனை இழந்தவள். ஒரு துண்டு நிலமும், அதில் கதிர் விடக் காத்திருந்த நெல்லும்தான் அவள் சொத்து. அது விளைந்தால்தான் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் அந்த வருஷம் சோறு.

ஆடிக் காற்றில் ஒரு பெரிய மருதமரம் வேரோடு சாய்ந்தது. அடிமரமும் வேர்மண்ணும் வாய்க்காலை அடைத்துக்கொண்டன. கிளைகள் வண்டிப்பாதையில் கிடந்தன. மற்றவர்களின் வயல்களெல்லாம் மரம் விழுந்த இடத்துக்கு மேல்மடையில் இருந்ததால் அவர்களுக்குக் கவலையில்லை. வேம்பியின் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மட்டும் முள்காட்டில் பாய்ந்து வீணாயிற்று.

வேம்பி ஏரி வாரியத்துக்கு ஓடினாள். “மரத்தை நாங்க தொடக் கூடாதும்மா. அது தோட்ட வாரியத்துது” என்றார்கள்.

தோட்ட வாரியத்துக்கு ஓடினாள். “நிக்கிற வரைக்கும்தான் அது மரம். பாதையில விழுந்துட்டா குப்பை. தெரு வாரியத்தைப் போய்க் கேளு” என்றார்கள்.

தெரு வாரியத்துக்கு ஓடினாள். “வண்டியெல்லாம் சுத்திக்கிட்டுப் போகுதே, எங்களுக்கென்ன? அடிமரம் வாய்க்கால்லதானே கிடக்கு? ஏரி வாரியத்துக்குப் போ” என்றார்கள்.

மூன்று சுற்றுச் சுற்றினாள். முதல் சுற்றில் கும்பிட்டாள். இரண்டாம் சுற்றில் அழுதாள். மூன்றாம் சுற்றில் வாய்விட்டுத் திட்டினாள். ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். இங்கே மூன்று வாரியம் கூடியும் செத்த மரம் அசையவில்லை. தூ!

இருபதாம் நாள் வேம்பி வயலில் இறங்கிப் பயிரைத் தொட்டாள். தாள் கையிலேயே நொறுங்கியது. அன்று அவள் அழவில்லை. நேரே சந்தைக்குப் போய் நடுவில் நின்று, “அந்த மரம் யாருது? யாருதும் இல்லேன்னா நான் வெட்டி எடுத்துக்கிறேன்!” என்று மூன்று முறை கூவினாள். வாரியத்தார் மூவரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தாயும் பெண்களும் எட்டு நாள் கோடாரி பிடித்து மரத்தை வெட்டி முடித்தார்கள். தண்ணீர் வந்தது, குடிக்கத்தான் பயிர் இல்லை. வெட்டிய மரம் அவள் வாசலில் அடுக்காக நின்றது. நல்ல வைரம் பாய்ந்த மரம். வண்டி செய்கிற தச்சர் அதை விலைக்குக் கேட்டார்.

அவ்வளவுதான்! மறுநாள் காலையில் மூன்று வாரியத்தாரும் மூன்று வண்டியோடு வந்துவிட்டார்கள். “நாங்க வளர்த்த மரம்” என்றது தோட்டம். “எங்க தண்ணி குடிச்ச மரம்” என்றது ஏரி. “எங்க பாதையில விழுந்த மரம்” என்றது தெரு. மூவரும் சேர்ந்து அவளைத் திருடி என்று சபைக்கு இழுத்துப் போனார்கள்.

“ஐயா, மரம் யாருதுன்னு முதல்ல அவங்களைக் கேளுங்க” என்றாள் வேம்பி.

சபை நடுவர் கேட்டார். “எங்களுடையதுதான்” என்று மூவரும் கோயிலைப் பார்த்துச் சத்தியம் செய்தார்கள்.

“அப்போ என் தண்ணிய மறிச்சு என் பயிரைக் கொன்னதும் இவங்க மரந்தானே?”

சபை சிரித்தது. ‘என்ன சாமர்த்தியம்!’ என்று கை தட்டியது.

வேம்பி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “கை தட்டாதீங்க! நான் தெருத் தெருவா அழுதப்போ இந்தக் கையெல்லாம் எங்கே இருந்துச்சு?”

சிரிப்பு அடங்கியது. நடுவர் தீர்ப்புச் சொன்னார். மரம் வேம்பிக்கே. அவள் இழந்த விளைச்சல் முழுவதையும் வாரியத்தார் தங்கள் வயலில் அறுத்துத் தர வேண்டும். ஆள் வைக்கக் கூடாது. தங்கள் தலையிலேயே சுமக்க வேண்டும்.

அறுவடை நாளில் வாரியத்தார் நெல்மூட்டையோடு கழுத்து நோகக் கடைமடை வரை நடந்தார்கள். வேம்பி நன்றி சொல்லவில்லை. “அங்கே இறக்குங்க” என்று மட்டும் சொன்னாள்.

கேட்டவர்களே, பலனுக்கு ‘என்னுடையது’ என்று கை நீட்டுகிறவன், பாரத்துக்கும் ‘என்னுடையது’ என்று தோள் கொடுக்க வேண்டும்.